திக்கினால் திக்கட்டும்

"பயத்தை விட்டுவிடு, திக்கு தானாகப் போய்விடும்." திக்கிப் பேசுகிற ஒவ்வொருவரும் இதைக் கேட்டிருப்பார்கள். சொல்பவர் வகுப்பு ஆசிரியராக இருப்பார், தாய்மாமனாக இருப்பார், ரயிலில் எதிரே உட்கார்ந்த முன்பின் தெரியாதவராகவும் இருப்பார். கூடவே வேறு சில அறிவுரைகளும் வரும்: மூச்சை இழுத்துவிட்டு நிதானமாகப் பேசு, தினமும் கண்ணாடி முன் நின்று பழகு, மனசு வைத்தால் முடியாதது என்ன இருக்கிறது. 'நான் இப்படித்தான் பேசுவேன்' என்று ஒருவர் சொல்லிவிட்டாலோ, தோற்றுப்போய்விட்டார் என்று முடிவு கட்டுகிறார்கள். நானும் சிறுவயதிலிருந்து திக்கிப் பேசுகிறவன். அக்கறையில்தான் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை உண்மையல்ல. கேட்பவருக்குத் தீங்கும் செய்கின்றன.

முதலில் பயத்தை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலானோருக்குத் திக்கு தொடங்குவது இரண்டு முதல் ஐந்து வயதுக்குள். இரண்டரை வயதுக் குழந்தைக்கு மேடைக்கூச்சம் ஏது? பெரியவர்களில் திக்குகிற ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய நான்கு ஆண்கள் இருக்கிறார்கள். ஆண்களுக்குப் பயம் நான்கு மடங்கு என்று யாரும் சொல்வதில்லை. திக்கு குடும்பங்களில் வழிவழியாக வருவது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். 2010இல் மரபியலாளர் டென்னிஸ் டிரேனாவின் ஆய்வுக் குழு, பாகிஸ்தானில் திக்கு அதிகமுள்ள குடும்பங்களை ஆராய்ந்ததிலிருந்து தொடங்கி, மூன்று மரபணுக்களில் அதோடு தொடர்புடைய மாற்றங்களைக் கண்டறிந்தது. பேச்சை இயக்கும் மூளைப் பகுதிகளை இணைக்கிற நரம்பிழைகளில் வேறுபாடு இருப்பதை ஸ்கேன்களும் காட்டியிருக்கின்றன.

"அப்படியானால் தனியாக இருக்கும்போது ஏன் திக்குவதில்லை? பாடும்போது ஏன் வருவதில்லை?" இந்தக் கேள்வி நியாயமானது. தனக்குத்தானே பேசிக்கொள்ளும்போது அநேகமாக யாருக்கும் திக்குவதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் பாட்டு, ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கிலும் திக்காமல்தான் வருகிறது. இன்னொருவரோடு சேர்ந்து ஒரே குரலில் வாசித்தால், எதிரே எத்தனை பேர் இருந்தாலும் சொற்கள் சரளமாக வருகின்றன. பயம்தான் காரணம் என்றால் அங்கே அல்லவா அதிகமாகத் திக்க வேண்டும்? பதற்றம் திக்கைக் கூட்டும், மறுக்கவில்லை. ஆனால் கூட்டுவது வேறு, உண்டாக்குவது வேறு.

பயம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு கொடுமையான சான்று இருக்கிறது. 1939இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வென்டெல் ஜான்சனின் மேற்பார்வையில், மேரி டியூடர் என்ற மாணவி ஓர் அனாதை இல்லத்துக் குழந்தைகள் 22 பேரை வைத்து ஆய்வு நடத்தினார். பெற்றோர் 'திக்குகிறாய்' என்று சுட்டிக்காட்டுவதால்தான் திக்கு வருகிறது என்பது ஜான்சனின் கொள்கை; அவரும் திக்கிப் பேசியவர். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஆறு குழந்தைகளிடம் உங்களுக்குத் திக்கு இருக்கிறது, திருத்திக்கொள்ளுங்கள் என்று மாதக்கணக்கில் சொல்லி வந்தார்கள். அந்தக் குழந்தைகள் திக்குவாயர்கள் ஆகிவிடவில்லை. ஆனால் பேசவே தயங்கினார்கள், வாயைப் பொத்திக்கொண்டார்கள், ஒதுங்கிப்போனார்கள். பல்கலைக்கழகம் 2001இல்தான் மன்னிப்புக் கேட்டது. பாதிக்கப்பட்டோர் தொடுத்த வழக்கில் 2007இல் அயோவா மாநிலம் 9,25,000 டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. திருத்தம் சொல்லிச் சொல்லியே ஒரு குழந்தையைப் பேச்சுக்கு அஞ்ச வைக்க முடியும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட வேண்டியதில்லை. நம் வீடுகளில் 'மறுபடி ஒழுங்காச் சொல்லு' என்று அன்றாடம் சொல்லும்போதும் இதுதான் நடக்கிறது.

அடுத்தது வைத்தியம். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுகிறார்கள், கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொண்டு படிக்கச் சொல்கிறார்கள். 'எங்கள் பையனுக்குச் சரியாகிவிட்டதே' என்கிற சாட்சிகளும் ஏராளம். அந்தச் சாட்சிகள் பொய்யில்லை. திக்கத் தொடங்கும் குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்கு அது தானாகவோ, பயிற்சியாலோ சில ஆண்டுகளில் நின்றுவிடுகிறது. அந்த மூன்று பேரின் பெருமை வசம்புக்குப் போகிறது. நான்காவது குழந்தை சரியாகத் தேய்த்துக்கொள்ளவில்லை என்று பழி சுமக்கிறது. ஐரோப்பாவில் 1841இல் டீஃபன்பாக் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் திக்குபவர்களின் நாக்கையே வெட்டிப் பார்த்தார். குறை நாக்கில் இல்லை.

பயிற்சியால் திக்கை வென்றவர் என்று பிரிட்டனின் ஆறாம் ஜார்ஜ் மன்னரைக் காட்டுவார்கள். அவர் கதை சொல்வதே வேறு. லயனல் லோக் என்ற பேச்சுப் பயிற்சியாளர் 1926இல் அவருக்குப் பயிற்சி தரத் தொடங்கினார். 1939 செப்டம்பர் 3 அன்று போர் அறிவிப்பு உரையை மன்னர் வானொலியில் ஆற்றியபோதும் லோக் அவர் அருகிலேயே இருந்தார். திக்கு ஒழிந்துவிட்டிருந்தால் பதின்மூன்று ஆண்டுக்குப் பிறகு அவருக்கு அங்கே என்ன வேலை?

பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சின்னக் குழந்தைக்குத் திக்கு மாதக்கணக்கில் தொடர்ந்தால், தேறிய பேச்சுப் பயிற்சியாளரிடம் அழைத்துச் செல்லுங்கள். மைசூரில் 1965 முதல் பேச்சு, கேட்டல் குறைபாடுகளுக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் இயங்குகிறது. பெரியவர்களுக்கும் பயிற்சி உதவும், இறுக்கத்தைத் தளர்த்தும். முழுக்கத் துடைத்துவிடும் என்ற வாக்குறுதியைத்தான் நம்ப வேண்டாம்.

இனி, 'ஏற்றுக்கொண்டால் முயற்சி நின்றுவிடும்' என்ற பேச்சு. திக்கை ஒளிப்பதற்கு ஒருவர் எவ்வளவு உழைக்கிறார் என்று தெரிந்தால் யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள். மந்தைவெளியில் இறங்க வேண்டியவர், 'ம' வராது என்று அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்குவார். பொங்கல் சாப்பிட ஆசைப்பட்டு ஓட்டலுக்குப் போய், வாயில் வந்த இட்லியைச் சொல்லிவிட்டுச் சாப்பிடுவார். வருகைப் பதிவில் தன் பெயர் நெருங்க நெருங்க அவருக்கு வியர்க்கும். எந்தச் சொல்லுக்கும் மாற்றுச் சொல் தேடலாம், சொந்தப் பெயருக்கு எதைத் தேடுவது? ஜோசப் ஷீஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் திக்கைப் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார்: காதில் விழுவது மேலே தெரியும் நுனிதான், வெட்கமும் ஒளிப்பும் நீருக்கு அடியில் இருக்கின்றன. அவரும் திக்கியவரே. சார்லஸ் வான் ரைப்பர் என்ற இன்னொருவர், முட்டி மோதாமல் எளிதாகத் திக்கக் கற்றுக்கொடுத்தார்.

என் அனுபவமும் அதுதான். 'எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுங்கள்' என்று முதலிலேயே சொல்லத் தொடங்கிய பிறகுதான் நான் கூட்டங்களில் கேள்வி கேட்டேன், தொலைபேசியை எடுத்தேன். திக்கு குறையவில்லை. பேச்சு கூடியது. இதற்குத் தோல்வி என்று பெயர் வைப்பவர்கள், வாய்மூடி இருந்த காலத்தை என்னவென்று சொல்வார்கள்?

'வேலைக்கு ஆகாது' என்பார்கள். திக்கிப் பேசிய ஜோ பைடன் அமெரிக்க அதிபரானார் என்று பதில் சொல்வது வழக்கம். எனக்கு அந்தப் பதில் பிடிப்பதில்லை. வங்கிக் கிளையில் ஒரு குமாஸ்தா திக்கிப் பேசுவதற்கு அவர் அதிபராக வேண்டிய அவசியம் இல்லை. கணக்கு சரியாக இருந்தால் போதும்.

கடைசியாக, 'உதவத்தானே சொல்லை எடுத்துக்கொடுக்கிறோம்' என்கிறவர்களுக்கு. நீங்கள் எடுத்துக்கொடுப்பது பெரும்பாலும் நான் சொல்ல வந்த சொல் அல்ல. 'ம' என்று நான் நிற்கும்போது நீங்கள் 'மதுரையா?' என்கிறீர்கள். நான் இல்லை என்று தலையாட்டிவிட்டு, மன்னார்குடியை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. எனக்கு ஆகிற நேரம் பெரும்பாலும் சில விநாடிகள்தான். என் முகத்தைப் பார்த்தபடி அந்த விநாடிகளைக் கொடுங்கள். வாய்மொழித் தேர்வு நடத்துகிறவர்களும் நேர்முகத் தேர்வில் உட்காருகிறவர்களும், திக்குபவருக்குக் கூடுதலாக ஐந்து நிமிடம் ஒதுக்கி, விடைக்கு மட்டும் மதிப்பெண் போடுங்கள்.