வாயு இல்லாத வாயு நிலையம்

கொழும்புக்கு வடக்கே, வத்தளைக்குப் பக்கத்தில் கெரவலப்பிட்டியில் யுகதனவி என்றொரு மின்சார நிலையம் இருக்கிறது. சக்தி 300 மெகாவாட். இயற்கை வாயுவில் ஓடத் தக்கது என்று சொல்லித்தான் கட்டினார்கள். 2010-ல் முழுமையாகத் திறந்தார்கள். அன்று வாயு இல்லை. பத்து வருஷம் கழித்தும் இல்லை. அது குடித்ததெல்லாம் உலை எண்ணெய்.

"மின்சாரம் வருகிறதல்லவா, அப்புறம் என்ன ஐயா?" என்று கேட்கிற சாதுக்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இயந்திரத்தின்மேல் எனக்குப் பகையில்லை, மரியாதைதான். எரிபொருள் எரிந்து முதல் சுழலியைச் சுற்றுகிறது. வெளிவரும் புகையின் சூடு 500, 600 பாகை. சாதாரணச் சுழலி அதை ஆகாயத்துக்குத் தானம் செய்துவிடும். இதுவோ அந்தச் சூட்டிலேயே நீராவி காய்ச்சி இன்னொரு சுழலியையும் சுற்றுகிறது. வடித்த கஞ்சியையும் கொட்டாத குடும்பத் தலைவி மாதிரி! நல்ல வாயு கிடைத்தால், புதிய நிலையங்கள் எரிபொருளின் சக்தியில் 60 சதவீதத்தை மின்சாரமாக்கிவிடும். உலை எண்ணெய் என்றால் முதலில் உப்பைக் கழுவ வேண்டும். வனேடியம் சுழலியின் இலைகளை அரிக்காதிருக்க மருந்து கலக்க வேண்டும். கந்தகப் புகை வேறு. (பக்கத்தில் முத்துராஜவெல சதுப்பு நிலம். கொக்குகளை யார் கேட்டார்கள்?)

வாயு வராததில் மர்மம் ஒன்றுமில்லை. கழிவு 162 பாகைக்குக் குளிர்வித்துக் கப்பலில் வரும் திரவத்தை இறக்கி, மறுபடி வாயுவாக்க ஒரு முனையம் வேண்டும். அதைக் கட்டாமல் அடுப்பை மட்டும் வாங்கினார்கள். 2021 செப்டம்பரில், நிலையத்தை உடைய கம்பெனியில் திறைசேரிக்கிருந்த 40 சதவீதப் பங்கை நியூ போர்ட்ரஸ் எனர்ஜி என்ற அமெரிக்கக் கம்பெனிக்கு விற்று, முனையத்தையும் அவர்களிடமே ஒப்படைக்க உடன்படிக்கை செய்தார்கள். மந்திரிகளே எதிர்த்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிற்று.

வந்து சேர்ந்தது 2022. டாலர் இல்லை, எண்ணெய் இல்லை. மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் இருட்டு. வாயுவும் டாலருக்குத்தான் கிடைக்கும் என்பீர்கள். வாஸ்தவம்; அந்த வருஷம் அதன் விலையும் உச்சத்தில்தான் இருந்தது. வாயு சர்வரோக நிவாரணி என்று நானும் வாதாடவில்லை. வாயு எங்கிருந்து வரும், எந்த வழியாக இறங்கும், யார் பணம் கொடுப்பார்கள் என்று சொல்லிவிட்டு நிலையத்துக்கு அஸ்திவாரம் போடுங்கள் என்கிறேன்.

அதே கெரவலப்பிட்டியில் சோபதனவி என்று 350 மெகாவாட்டில் இரண்டாவது நிலையமும் எழும்பியது. 2024-ல் அது ஓடத் தொடங்கியபோது அதற்கு ஊட்டியது டீசல்.