தடவிக் கொடுக்கும் கரங்கள்



மேலைநாடுகளின் சிறு பண்ணைகளில், மட்டக்குதிரைகளுக்கும் ஆண்டிஸ் மலைநாட்டு விலங்காகிய இலாமாவுக்கும் உரோமம் வாரிவிடுவதைப் பெரியோரும் சிறியோரும் ஓய்வுநேர இன்பமாகக் கொண்டுள்ளனர். அந்த இன்பத்தைத் தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. நெடுந்தீவில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்து மட்டக்குதிரைகளின் வழிவந்தவை இன்றும் திரிகின்றன. மன்னார்த் தீவிலோ, அராபிய வணிகர் கொண்டுவந்தவை எனச் சொல்லப்படும் கழுதைகள் நம் வீதிகளிலேயே உலவுகின்றன.

பெருநிலப்பரப்பில், மருதமடு அன்னையின் திருச்சொரூபம் 2008 ஏப்ரலில் அடைக்கலம் தேடிவந்த தேவன்பிட்டிக்கு அருகே உள்ளது வெள்ளாங்குளம். அதே ஆண்டில் அவ்வூரையும் போர் சூழ்ந்தது. கட்டுத்தறியில் நின்ற மாட்டை அவிழ்த்துவிட்டு, திரும்பிப் பார்த்தபடியே இடம்பெயர்ந்தவர்கள் நம்மிடையே உள்ளனர். மீளக் குடியேறி, முதற்கன்றை வாங்கிக் குளத்தில் இறக்கிக் குளிப்பாட்டிய நாளின் மகிழ்வை அவர்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. ஒரு வாயில்லாச் சீவனைப் பேணுவது, வாழ்வு மீண்டும் வேர்கொண்டது என்பதன் அடையாளமன்றோ!

ஆயினும் ஒன்றைச் சிந்திப்போம். பால் தரும் பசுவையும் ஏர் இழுத்த எருதையும் நாம் தேய்த்துக் குளிப்பாட்டுகிறோம், அது நன்றியறிதல். பொதி சுமக்கும் தொழில் மறைந்தபின் வீதிக்கு வந்துவிட்ட கழுதைக்கோ கல்லெறியும் வசைச்சொல்லுமே கிடைக்கின்றன. பிள்ளைகளைக் கடியும்போதுகூட அதன் பெயரையே எடுத்தாள்கிறோம். இரவில் வாகனம் மோதிக் காயமுற்றுக் கிடக்கும் கழுதையைக் கடந்து செல்வது நமக்குப் பழகிவிட்டது. பயன் தருவதை மட்டும் நேசிக்கும் உள்ளம், முதுமையுற்ற பெற்றோரையும் நாளடைவில் அதே அளவுகோலால் அளக்கத் தொடங்கும் என்பதே என் அச்சம்.

இதற்கு மருந்து கரங்களில் இருக்கிறது. பழகிய கழுதையொன்றைப் பக்கவாட்டிலிருந்து மெல்ல அணுகி, கழுத்தில் தொடங்கி உரோமம் படிந்த திசையிலேயே தும்புத் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். புழுதி பறக்கும், ஒட்டுமுட்கள் உதிரும். சிறிது நேரத்தில் அதன் காதுகள் தளரும், கீழுதடு தொங்கும், கண்கள் பாதி மூடும். குதிரைகளின் கழுத்தடியில், அவை ஒன்றையொன்று நீவிக்கொள்ளும் இடத்தில் தேய்த்துவிட்டால் இதயத்துடிப்பு தணிகிறது என 1993இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. தேய்ப்பவரின் மனமும் அமைதி கொள்வதைச் செய்து பார்த்தவர் அறிவர்.

கழுதை தன் வலியை எளிதில் வெளிக்காட்டாத விலங்கு. கண்ணுக்குத் தெரியாத புண்ணையும், காதடியில் மறைந்த உண்ணியையும், குளம்பில் ஏறிய கல்லையும் தடவும் கையே கண்டுபிடிக்கிறது. தொலைவில் நின்று இரங்குவோர்க்கு மறைந்திருப்பது, தொட்டுப் பேணுவோர்க்குப் புலனாகிறது. நம் இல்லங்களில் மௌனமாக இருப்பவர்களுக்கும் இது பொருந்தும் அல்லவா?

“மனிதரே துன்புறும்போது கழுதைக்குப் பணிவிடையா?” எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. விலங்குகளைக் காரணமின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரண் என்று கூறும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு (எண் 2418), மனிதரின் துயர் துடைக்க வேண்டிய பணத்தை அவற்றுக்குச் செலவிடுவதும் தகாது என்கிறது. ஆனால் நாம் கேட்பது பணமன்று. ஒரு வாளி நீரும் அரைமணி நேரமும் மட்டுமே. பிரிட்ஜிங் லங்கா அமைப்பு மன்னாரில் கழுதைகளுக்கெனச் சிகிச்சை, கல்வி நிலையமொன்றை அமைத்தபோது, இந்த எளிய விலங்கையும் பொருட்படுத்த மனிதர் உண்டு என்பது வெளிப்பட்டது.

திருநூலும் இதையே கற்பிக்கிறது. பகைவனின் கழுதை சுமையால் விழுந்து கிடந்தாலும் தூக்கிவிடப் பணிக்கிறது விடுதலைப் பயண நூல் (23:5). தம் கால்நடையின் உயிர்மீது கருத்தாயிருப்பவரையே நீதிமான் என்கிறது நீதிமொழிகள் (12:10). ஓய்வுநாளிலும் மாட்டையோ கழுதையையோ அவிழ்த்துத் தண்ணீர் காட்டும் இரக்கத்தை எடுத்துக்காட்டியே, கூனியான பெண்ணைக் குணமாக்கியதற்கு ஆண்டவர் விளக்கமளித்தார் (லூக்கா 13:15). விலங்கின்மீது காட்டும் பரிவும் மனிதர்மீது காட்டும் பரிவும் அவருக்கு எதிரெதிரானவை அல்ல.

பல கழுதைகளின் முதுகில், தண்டுவடத்தின் வழியாகவும் தோளின் குறுக்காகவும் ஓடும் கருங்கோடுகள் சிலுவை வடிவாய் அமைந்துள்ளன. ஆண்டவரைச் சுமந்ததால் பெற்ற அடையாளம் என்பது கிறிஸ்தவ மக்களின் மரபுக் கதை. குருத்து ஞாயிறன்று ஓலையேந்தி ஓசன்னா பாடும் நாம், ஆலய வாசலுக்கு வெளியே நிற்கும் அந்த முதுகைக் காணாமல் போகலாமா?

எனவே பெற்றோரே, இவ்வாரம் ஒரு மாலைப்பொழுதில் உங்கள் பிள்ளைகளின் கையில் தூரிகையைக் கொடுங்கள். மாடோ, ஆடோ, கழுதையோ, அருகில் நின்று வழிகாட்டுங்கள். காயம் கண்டால் கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள். கைம்மாறு கருதாமல் தடவிக் கொடுக்கப் பழகிய சின்னஞ்சிறு கரங்கள், நாளை நோயுற்றோரின் நெற்றியிலும் தயக்கமின்றிப் படியும்.