வீட்டுக்கு வீடு கேஸ் ஜெனரேட்டர் வேண்டாம்

2023 ஜூலை 26 அன்று கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள், பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் நடத்தும் என்.எல்.சி. நிறுவனத்தின் இயந்திரங்கள் இறங்கின. நிலத்தை எப்போதோ கையகப்படுத்திவிட்டோம் என்றது நிறுவனம். அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு, பழுப்பு நிலக்கரியே வேண்டாம், வீட்டுக்கும் கடைக்கும் சிறிய கேஸ் ஜெனரேட்டர் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றுவது இயல்பு. எரியும்போது நிலக்கரி விடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய பாதிதான் இதில் வெளியாகிறது; சாம்பலும் கிடையாது. ஆனால் இங்கே எரிவாயு கிடப்பதும் நெல்வயலுக்கு அடியில்தான். மன்னார்குடி மீத்தேன் திட்டத்தையும் 2017இல் நெடுவாசல் ஹைட்ரோகார்பன் திட்டத்தையும் காவிரி டெல்டா விவசாயிகள் எதிர்த்து நின்றதும், 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்ததும் அதனால்தான். நாட்டின் எரிவாயுத் தேவையில் பாதியளவு இன்று கப்பலில் வருகிறது. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் அதன் விலை எகிறியது. கட்டுப்படியாகும் விலையில் வாயு கிடைக்காமல், நாட்டின் எரிவாயு மின்நிலையங்களில் பெரும்பகுதி ஓடாமல் நிற்கிறது.

அப்படிப்பட்ட எரிபொருளைச் சிறு இயந்திரத்தில் எரிப்பது கூடுதல் வீண். கழிவு வெப்பத்தையும் நீராவியாக்கி இன்னொரு டர்பைனைச் சுழற்றும் பெரிய நிலையம், வாயுவின் ஆற்றலில் பாதிக்கு மேல் மின்சாரமாக்கிவிடும். வீட்டு ஜெனரேட்டரில் மூன்றில் ஒரு பங்கு தேறினாலே அதிகம். மீதி சூடாகப் போகும். ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அந்தச் சூட்டைக் குளிர்காலத்தில் வீட்டை வெதுவெதுப்பாக்கவும் வெந்நீருக்கும் பயன்படுத்துகிறார்கள், அதனால் அங்கே கணக்கு சரியாகிறது. கடலூர் வெயிலில் வீட்டைச் சூடாக்கி யாருக்கு என்ன பயன்?

கரண்ட் போனால் டீசல் புகையைத்தானே சுவாசிக்கிறோம், அதற்கு இது மேல் இல்லையா என்று கேட்கலாம். மேல்தான், அதை மறுக்கவில்லை. குழாய் வாயு ஏற்கெனவே வந்துவிட்ட ஊரில் மருத்துவமனையும், வெந்நீரும் நீராவியும் நாள் முழுக்கத் தேவைப்படும் ஹோட்டலும் சாயப்பட்டறையும் டீசலை விட்டு இதற்கு மாறட்டும். டெல்லி வட்டாரத்தில் காற்று மாசைக் குறைக்க, டீசலோடு வாயுவும் சேர்ந்து ஓடும்படி ஜெனரேட்டர்களை மாற்றச் சொன்னதும் இந்த நியாயத்தில்தான். வீட்டுக்கு அந்த நியாயம் பொருந்தாது; அங்கே மாற்று வழி கூரையிலேயே இருக்கிறது. 3 கிலோவாட் கூரைச் சூரியத் தகடுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. இரவில் வெயில் இல்லையே என்றால், பேட்டரிக்கும் மானியம் கேட்பதே சரியான கோரிக்கை. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமங்களின் கூரைகளிலிருந்து அரசு அதைத் தொடங்க வேண்டும்.