திரும்பி வராத பூமராங்

சிட்னியில் இருக்கும் என் மச்சினன் போன மாசம் லீவில் வந்தபோது ஆளுக்கொரு பரிசு கொண்டுவந்தான். அக்காவுக்குக் கைப்பை. அவன் அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம். என் பையனுக்கு ஷூ. எனக்கு ஒரு பூமராங். கறுப்புப் பெயின்ட் அடித்து, மேலே வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளி புள்ளியாக ஒரு பல்லி.

"வீசிப் பாருங்க அத்தான், கைக்கே திரும்பி வரும்!"

மொட்டை மாடியில் நின்று, பந்து வீச்சாளர் மாதிரி நாலு அடி ஓடி வந்து வீசினேன். வரவில்லை. நான் கொடுத்த கைமாற்று எதுவுமே திரும்பி வந்ததில்லை, இது மட்டும் ஏன் வரணும்? பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க் மேல் விழுந்தது. அந்த வீட்டு மாமா அதை எடுத்துக் கொடுப்பதற்கு முன் எனக்கு இருபது நிமிஷம் புத்திமதி சொன்னார். 'வயசு முப்பத்தஞ்சாவது ஆகுமா உங்களுக்கு?' என்று ஆரம்பித்து.

அவமானத்தோடு கீழே வந்து பூமராங்கைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பாதி கிழிந்த ஸ்டிக்கர். மீதிப் பாதியில் தெளிவாக இருந்தது: இந்தோனேஷியாவில் தயாரானது.

பி.காம். படித்தவனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் அதன் அழகைப் பார்க்கமாட்டான். 'இதில் யாருக்கு எவ்வளவு போச்சு?' என்றுதான் பார்ப்பான். அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து தோண்ட ஆரம்பித்தேன். ஒரு வாரம் ஆபீஸ் வேலையே ஓடவில்லை. (மற்ற வாரங்களில் ஓடியது போல!)

முதலில் என் மானத்தைக் காப்பாற்றும் தகவல். பெரும்பாலான பூமராங்குகள் திரும்பி வருவதற்காகச் செய்யப்பட்டவையே அல்ல. வேட்டைக்கானவை. கங்காருவின் கால் முட்டியில் பட்ட பிறகு அது ஏன் ஸார் திரும்பி வரணும்?

அடுத்தது மச்சினன் மானம். ஆஸ்திரேலியாவில் இப்படிப் பூர்வகுடிக் கைவேலை என்று சொல்லிக்கொண்டு இந்தோனேஷியச் சரக்கை விற்ற ஒரு மொத்த வியாபாரக் கம்பெனிக்கு 2019-இல் கோர்ட் 23 லட்சம் டாலர் அபராதம் போட்டது. அதற்குள் கம்பெனி கலைப்புக்குப் போயிருந்தது! 2022-இல் அரசாங்கத்தின் உற்பத்தித் திறன் ஆணையம் கணக்குப் போட்டுப் பார்த்தது. பூர்வகுடி பாணியில் விற்கும் நினைவுப் பொருட்களில் பாதிக்கு மேல் அந்த மக்களின் கையே படாதவை. ஆக, மச்சினன் ஏமாந்தது தனியாக இல்லை. பெரிய கூட்டத்தோடுதான் ஏமாந்திருக்கிறான்.

சொன்னால் அவனுக்குக் கோபம். "நான் ஒண்ணும் விவரம் தெரியாதவன் இல்லை அத்தான். எங்க ஆபீஸ்ல வருஷா வருஷம் ஜூலையில பூர்வகுடிகள் வாரம் கொண்டாடறோம். கறுப்பு, சிவப்பு, மஞ்சள்ல கப் கேக் எல்லாம் உண்டு!"

அந்த மூன்று நிறங்களும் அவர்களுடைய கொடியின் நிறங்கள். 1971-இல் ஹரால்டு தாமஸ் என்ற பூர்வகுடி ஓவியர் வரைந்தது. அதன் காப்புரிமையை அரசாங்கம் 2022-இல் இரண்டு கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. வாரம் பிறந்த கதை அதைவிடப் பழையது. 1938 ஜனவரி 26-ஆம் தேதி, வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கி 150 வருஷம் ஆனதை சிட்னி நகரமே கொண்டாடிக்கொண்டிருந்தபோது, பூர்வகுடி மக்கள் ஒரு ஹாலில் கூடி துக்க தினம் அனுசரித்தார்கள். அதன் தொடர்ச்சியாக வளர்ந்ததுதான் இந்த ஜூலை வாரம். துக்கத்தில் ஆரம்பித்தது கப் கேக்கில் வந்து நிற்கிறது என்றேன். "கேக்ல என்ன தப்பு?" என்றாள் மனைவி. தப்பில்லை. ஆனால் எனக்கு அப்போது ஒரு ரூபாய், மன்னிக்கவும், ஒரு டாலர் கதை கிடைத்திருந்தது.

1966-இல் ஆஸ்திரேலியா பவுண்டு, ஷில்லிங்கை விட்டு டாலருக்கு மாறியது. புது ஒரு டாலர் நோட்டின் பின்பக்கத்துக்கு ஏதாவது உள்ளூர்ச் சமாச்சாரம் போடலாமே என்று, மரப்பட்டையில் வரைந்த ஒரு பூர்வகுடி ஓவியத்தை எடுத்துப் போட்டுவிட்டார்கள். வரைந்தவர் யாரோ, எப்போதோ செத்துப் போயிருப்பார் என்று நினைப்பு. அவரோ வடக்கே ஆர்ன்ஹெம் லாண்டில் ஆரோக்கியமாக உட்கார்ந்து அடுத்த பட்டையில் வரைந்துகொண்டிருந்தார். பெயர் டேவிட் மலாங்கி. யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விஷயம் வெளியே வந்ததும் ரிசர்வ் பாங்க் கவர்னர் பதறிப்போய் நஷ்ட ஈடு கொடுத்தார். ஆயிரம் டாலர், ஒரு மெடல், அப்புறம் ஒரு மீன் பிடிக்கும் சாமான் பெட்டி!

தேசத்தின் பாக்கெட்டில் எல்லாம் அவர் ஓவியம். அவருக்குத் தூண்டில். எந்த லெட்ஜரில், எந்தத் தலைப்பில் இதை எழுதுவது என்று என் பழைய அக்கவுன்டன்சி வாத்தியாரைக் கேட்டிருக்கலாம். 'பலவகைச் செலவு' என்பார்.

இதே மாதிரி இன்னொன்று. ஜானி வாரங்குலா என்ற பாலைவன ஓவியர் 1970-களின் ஆரம்பத்தில் சொற்பக் காசுக்கு விற்ற ஒரு ஓவியம் 1997-இல் ஏலத்தில் 2,06,000 டாலருக்குப் போனது. 2000-இல் மறுபடி ஏலம், 4,86,500 டாலர். கிழவருக்கு அதில் சட்டப்படி ஒரு காசு உரிமை கிடையாது. மறுவிற்பனையில் ஓவியருக்கு 5 சதவிகிதம் என்று சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010-இல். அவர் 2001-லேயே போய்விட்டார்.

இதுவரை படித்தவர்கள் 'அடப்பாவிகளா' என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிடலாம். நானும் அங்கேயே நிறுத்தியிருப்பேன். அதே 2000-ஆம் வருஷம் நடந்த வேறொரு ஏலம் கண்ணில் படாமல் இருந்திருந்தால்.

ஆஸ்திரேலியாவின் நடு மையத்தில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்று ஊர். அங்கிருந்து வடமேற்கே 240 கிலோமீட்டரில் பாப்புன்யா. பாலைவனத்தில் சுற்றித் திரிந்த பல மொழிக்காரர்களை அரசாங்கம் கொண்டுவந்து குடியமர்த்திய இடம். 1971-இல் அங்கே ஜெஃப்ரி பார்டன் என்ற பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். அவர் கொடுத்த உற்சாகத்தில் ஊர்ப் பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேனெறும்பின் கதையைப் பெரிதாக வரைந்தார்கள். அப்புறம் கையில் கிடைத்த பலகை, அட்டை எல்லாவற்றிலும் வரைந்து தள்ளினார்கள். 1972-இல் பாப்புன்யா டூலா என்ற கம்பெனியே ஆரம்பித்துவிட்டார்கள். நிஜமான பிரைவேட் லிமிடெட். பங்குதாரர்கள் அந்தப் பாலைவனத்து மக்கள்.

அவர்கள் வரைவது வெறும் டிசைன் இல்லை. வட்டம் என்றால் நீர்நிலை, அல்லது ஜனங்கள் தங்கும் இடம். கோடு என்றால் முன்னோர் நடந்த பாதை. எந்த இடத்தின் கதையை யார் வரையலாம் என்பதற்குப் பட்டா, சிட்டா மாதிரி கறாரான உரிமை உண்டு. ஆரம்பத்தில் சில ஓவியங்களில் சடங்கு ரகசியங்கள் வெளியே தெரிந்துவிட்டன என்று பக்கத்துக் கூட்டத்தார் சண்டைக்கே வந்து, பிறகு அடக்கி வாசித்தார்கள்.

அவர்களில் பின்டுபி என்ற பிரிவினருக்கு பாப்புன்யாவில் மனசு ஒட்டவேயில்லை. 1981-இல் தங்கள் சொந்த மண்ணான கின்டோருக்குத் திரும்பிவிட்டார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து 530 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரையைத் தாண்டிப் போகிற தூரம். பெரும்பகுதி மண் ரோடு. சிலர் அதற்கும் அப்பால் கிவிர்குரா வரைக்கும் போனார்கள்.

நன்றாகத்தான் இருந்தது, சிறுநீரகம் கெடும்வரை.

சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், சின்ன வயசில் வந்த தொற்றுகள், நெரிசலான வீடுகள். எல்லாம் சேர்ந்து அந்தப் பக்கத்தில் சிறுநீரகச் செயலிழப்பு நாட்டு சராசரியைப் போலப் பல மடங்கு. வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். மெஷின் இருப்பதோ ஆலிஸ் ஸ்பிரிங்ஸில். 530 கிலோமீட்டரை வாரம் மூன்று தடவை போய் வர முடியுமா? ஆகவே நிரந்தரமாக ஊரை விட்டுப் போகவேண்டும். பெண்டாட்டி, பேரன், பாட்டு, சடங்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வேற்றாள் மண்ணில், புரியாத பாஷைக்கு நடுவே. சிலர் டயாலிசிஸை விட்டுவிட்டு ஊருக்கே வந்து செத்துப் போனார்கள், தெரிந்தேதான்.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் படிப்பதை நிறுத்தினேன். என் பெரியப்பா கடைசி ஒன்றரை வருஷம் டயாலிசிஸில் இருந்தார். கிராமத்திலிருந்து டவுன் வர ரெண்டு பஸ். முதல் மூன்று மாசம் வந்து போனார். அப்புறம் முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு ரூம் எடுத்துத் தங்க வைத்தோம். மாதம் ரெண்டு சனிக்கிழமை நான் போய் அந்த நாலு மணி நேரமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மெஷின் சுற்றும். அவர் கண்ணை மூடிக்கொண்டே கேட்பார்: "ஏண்டா தம்பி, அந்தச் செவலைப் பசு கன்னு போட்டுச்சா?" எனக்கு என்ன தெரியும்? நான் சென்னையில் இருப்பவன். "போட்டிருக்கும் பெரியப்பா" என்பேன். அந்த ரூமிலேயேதான் போனார். கட்டில் விளிம்பில் அவர் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது.

கின்டோர்க்காரர்கள் என்ன செய்தார்கள் என்றால், ஊரிலேயே மெஷின் வேண்டும் என்றார்கள். பாலைவனத்துக்கு நடுவில் டயாலிசிஸா, கட்டுப்படியாகாது என்பதுதான் கிடைத்த பதில். வியாபாரக் கண்ணில் நியாயம்தான். ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கே 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். மின்சாரம் வேண்டும். தாதிகள் வேண்டும். என்னை அந்த ஃபைலில் நோட் போடச் சொல்லியிருந்தால் நானும் 'பரிந்துரைக்கவில்லை' என்றுதான் எழுதியிருப்பேன்.

அவர்கள் நோட் போடவில்லை. பிரஷ்ஷை எடுத்தார்கள். கின்டோர் ஆண்கள் சேர்ந்து ஒரு பெரிய ஓவியம், பெண்கள் சேர்ந்து ஒன்று. கிவிர்குரா ஆண்கள் ஒன்று, பெண்கள் ஒன்று. 2000 நவம்பரில் சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் ஓவியக் கூடத்தில், இந்த நாலையும் நன்கொடையாக வந்த மற்ற ஓவியங்களையும் ஏலம் விட்டார்கள். வசூல் 10 லட்சம் டாலருக்கு மேல்!

பணம் வந்த மறுநாள் மெஷின் வந்துவிடவில்லை. 2003-இல் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். பெயரைச் சொல்கிறேன், மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஙானம்பா வால்ட்ஜா பால்யாந்ஜாக்கு ஜுடாக்கு. 'நம் குடும்பங்கள் எல்லோரையும் நலமாக்குவது' என்று அர்த்தம். நம் அரிச்சுவடியில் சும்மாவே உட்கார்ந்திருக்கும் 'ங'வுக்கு அங்கே முதல் எழுத்து உத்தியோகம்! (உடனே 'பார்த்தீர்களா, எல்லாம் நம்ம ஆளுங்கதான்' என்று கிளம்பிவிடாதீர்கள். 'ங' பல தேசங்களில் வேலை பார்க்கிறது.) ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் அவர்கள் இருக்கும் வீட்டுக்கு ஊதாப் பெயின்ட் அடித்ததால் எல்லோரும் 'ஊதா வீடு' என்கிறார்கள்.

2004-இல் கின்டோரில் டயாலிசிஸ் ஆரம்பமானது. பிறகு ஒவ்வொரு ஊராக, இன்றைக்குப் பதினைந்துக்கு மேற்பட்ட இடங்களில். 2011-இல் ஒரு லாரியிலேயே மெஷினை ஏற்றிவிட்டார்கள். சாவு, சடங்கு, திருவிழா என்றால் லாரி கிளம்பும். டவுனில் மாட்டிக்கொண்ட பெரியவர்கள் கூடவே ஊருக்குப் போய், பாட்டுப் பாடி, பேரனைப் பார்த்து, ரத்தமும் சுத்தம் செய்துகொண்டு வருவார்கள். சங்கத்தை நடத்தும் இயக்குநர் குழுவும் அந்த ஊர்க்காரர்கள்தான். காட்டு மூலிகையில் தைலம் காய்ச்சி விற்று அதிலும் வருமானம் பார்க்கிறார்கள். கடைசியில், 2018-இல், தொலைதூர டயாலிசிஸுக்கு அரசாங்க மருத்துவக் காப்பீட்டிலேயே தனி இனம் போட்டுப் பணம் தர ஆரம்பித்தார்கள். கட்டுப்படியாகாது என்ற சமாச்சாரம், 18 வருஷத்தில் பட்ஜெட்டில் ஏறிவிட்டது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. சிறுநீரகம் கெடாமல் பார்த்துக்கொள்வது டயாலிசிஸைவிடப் பெரிய வேலை. அதற்கு நல்ல வீடு, நல்ல தண்ணீர், மலிவாகக் காய்கறி எல்லாம் வேண்டும். அது இன்னும் பாக்கி. அந்த நாட்டுப் பாராளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லப் பூர்வகுடிகளுக்கு ஒரு குழு வேண்டுமா என்று 2023 அக்டோபரில் வாக்கெடுப்பு வைத்தபோது, ஏறக்குறைய 60 சதவிகிதம் பேர் வேண்டாம் என்றார்கள். மறு ஜூலையிலும் கேக் வெட்டியிருப்பார்கள்.

இதையெல்லாம் மனைவியிடம் சொல்லி முடித்தபோது ராத்திரி பதினொன்றரை. அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "பெரியப்பா ரூமுக்கு மாசம் எவ்வளவு வாடகை கொடுத்தீங்க?" என்றாள். சொன்னேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

மச்சினன் நேற்று வாட்ஸ்அப்பில் வந்தான். அடுத்த தடவை என்ன வாங்கி வரட்டும் என்றான்.

"பின்பக்கம் வரைஞ்சவங்க பேரும் ஊரும் எழுதியிருந்தா எது வேணா வாங்கிட்டு வா. சின்னதா இருந்தாலும் போதும்."

"விலை ஜாஸ்தி ஆகும் அத்தான்."

"பாதிக் காசு நான் தர்றேன்."

"கைமாத்தாவா?" என்றான், ராஸ்கல்.