எட்டா, பதினாறா?

இந்த வாரம் எனக்குக் கோபம் வந்த இடம் புதுச்சேரி நேரு வீதியில் ஒரு கம்ப்யூட்டர் கடை. என் தங்கை மகளுக்கு லேப்டாப் வாங்கப் போயிருந்தோம். கேள்வி கேட்டதெல்லாம் அவள். கடைக்காரர் பதில் சொன்னதெல்லாம் என்னிடம். "சார், பாப்பா சின்னச் சின்ன புரோகிராம்தானே எழுதப் போகுது? 8 ஜிபி தாராளம் சார்." மூன்று வருடமாகச் சம்பளத்துக்கு நிரல் எழுதுகிறவள் அவருக்குப் பாப்பா. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "மாமா, நீங்க கொஞ்சம் வெளியில நில்லுங்க, நான் பேசிக்கிறேன்" என்று என்னை வாசலுக்கு அனுப்பிவிட்டாள்.

அவள் தேவை சின்னது, ஆனால் தெளிவானது. மாதம் இரண்டு முறை ஈசிஆர் பஸ்ஸில் சென்னை போகிறாள். பழைய மெஷினும் அதன் செங்கல் மாதிரி சார்ஜரும் சேர்ந்து தோளை அறுக்கின்றன. புதியது ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது, 14 அங்குலத் திரை போதும், போன் சார்ஜ் ஏறுகிற அதே சி-பின்னில் ஏற வேண்டும். நினைவகம் மட்டும் 16 ஜிபி. இதில் அவள் விட்டுக்கொடுக்கவில்லை, சரியாகத்தான் செய்தாள். எழுதும் நிரல் சின்னதாக இருக்கலாம். பக்கத்திலேயே திறந்து கிடக்கும் உலாவியும், ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளமும் சின்னவை அல்லவே. மெல்லிய மெஷின்கள் பலவற்றில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்தே அனுப்புகிறார்கள். பிற்பாடு திறந்து இன்னொன்றைச் செருக வழியில்லை. பிராசஸர் ஒரு தலைமுறை பழையதாக இருந்தால் வேலை ஓடும். நினைவகம் போதாவிட்டால் அந்த மெஷின் ஆயுள் முழுக்கத் திணறும். 16 ஜிபிக்கே பணம் கட்டிவிட்டு வந்தோம்.

லேப்டாப் கதையை இத்தோடு விடுகிறேன். அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

பைத்தான் நிரல்மொழியை ஏற்றி முடித்ததும், ஒரு சொல்லின் நீளத்தை எண்ணிச் சொல்லும் கட்டளைக்கு அவள் கொடுத்த முதல் சொல் எங்கள் பகுதியின் பெயர், 'முத்தியால்பேட்டை'. திரையில் 16 என்று வந்தது. நான் விரல்விட்டு எண்ணினேன். மு, த், தி, யா, ல், பே, ட், டை. எட்டு. மறுபடியும் எண்ணினேன், எட்டுதான். "கம்ப்யூட்டருக்குப் பதினாறு மாமா" என்றாள். எனக்குச் சட்டென்று போன மாதத்து விண்ணப்பம் ஞாபகம் வந்தது, அவளிடம் சொன்னேன்.

ஓர் அலுவலகத்துக்கு இணையத்தில் அனுப்ப வேண்டிய விண்ணப்பம் அது. பகுதியின் பெயரைத் தமிழில் கேட்டது, 12 எழுத்துக்கு மேல் கூடாது என்றும் சொன்னது. எட்டு எழுத்துதானே என்று தட்டினேன். 'முத்தியால்பே' என்பதோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு எழுத்து ஏறவில்லை. அழித்து அழித்து நான்கு முறை தட்டினேன். பாரதி குயில் பாட்டுக்குக் களமாக்கிய தோப்பு இருந்த பேட்டை, பாதிப் பெயரோடு அந்தக் கட்டத்துக்குள் நின்றதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. தவறு என் தட்டச்சில் என்றே ஒரு மாதம் நினைத்திருந்தேன்.

நடப்பது இதுதான். கம்ப்யூட்டர்கள் பயன்படுத்தும் எழுத்து அட்டவணையான ஒருங்குறியில் (யூனிகோட்) 'மு' என்பது ஓர் எழுத்தாக இல்லை. 'ம' ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. 'த்' என்றால் 'த' ஒன்று, புள்ளி ஒன்று. எங்கள் பேட்டையின் எட்டு எழுத்தும் இப்படி இவ்விரண்டாகப் பிரிகின்றன. 12-ஐ எண்ணி வெட்டியவர் எண்ணியது எழுத்தை அல்ல, துண்டுகளை.

ஒருங்குறி என்றாலே நான் பொருமுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் இலக்கணத்தில் 'க்' முதல். அதோடு 'அ' சேர்ந்தால் 'க'. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்று திண்ணைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். ஒருங்குறியில் 'க' முதல். அதன்மேல் புள்ளி வைத்து உயிரை எடுத்தால் 'க்'. தலைகீழ். 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கினார்கள். இந்திய எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே வார்ப்பாக இங்கே செய்திருந்த இஸ்கி முறையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அந்த அட்டவணையைப் பாருங்கள்: 'க'வுக்கும் 'ங'வுக்கும் நடுவே மூன்று கட்டம் காலி. இந்திக்கு அங்கே மூன்று எழுத்து உண்டு, நமக்குக் கிடையாது. இல்லாத எழுத்துக்கு இடம் போட்டுவைத்து, இருக்கிற 'மு'வை உடைத்தார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ் 16 முறையைத் தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியோடு சேர்த்துத் தரமாக அறிவித்தது. உலகம் ஒருங்குறியிலேயே நின்றுவிட்டது. 'டேஸ் 16 வந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை' என்றேன்.

அவள் மறுத்தாள். "அட்டவணை மேல என்ன தப்பு மாமா? எண்ணத் தெரியாதவங்க எழுதின ஃபார்ம் அது" என்றாள். உயிர்மெய்யை உயிர்மெய்யாகவே எண்ணும் வழி பல வருடங்களாக இருக்கிறதாம். முத்து அண்ணாமலையும் நண்பர்களும் பைத்தானுக்குச் செய்து இலவசமாகக் கொடுத்திருக்கும் ஓபன்-தமிழ் தொகுப்பை இறக்கினாள். தமிழிலேயே நிரல் எழுத 'எழில்' மொழியை உண்டாக்கியவர் அவர். இரண்டு வரி எழுதினாள். அதே சொல், இந்த முறை 8.

நான் அந்த 8-ஐப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு வரி. அந்த இரண்டு வரியை எழுத யாருக்கும் தோன்றாததால் எத்தனை பேர் தங்கள் பெயரைப் பாதியில் வெட்டிக்கொண்டு, தப்பு நம்முடையது என்று எழுந்து போயிருப்பார்கள்? நிரல் எழுதுகிற பிள்ளைகளே, கட்டத்துக்கு அளவு வைக்கும் முன் உங்கள் தெருப் பெயரைத் தமிழில் ஒரு முறை தட்டிப் பாருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

தட்டுவது என்றதும் தமிழ் 99 விசைப்பலகையைச் சொல்லாமல் விட மனமில்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்தது. இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய். பழைய தட்டச்சுப் பொறியில் 'பே'வுக்குக் கொம்பை முதலில் தட்டிவிட்டு அப்புறம் 'ப' தட்ட வேண்டும். தமிழ் 99-இல் ப, ஏ என்று காதில் விழும் வரிசையிலேயே விரல் போகும். 'ட்டை'க்கு ட, ட, ஐ. இரண்டு 'ட' அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். முத்தியால்பேட்டைக்குப் பதினான்கே தட்டு. அவள் அதை ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொண்டாள்.

இரவு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் அவள் எழுந்திருக்கவில்லை. ஊரில் உள்ள இடங்களையெல்லாம் அந்த 12 கட்டத்தில் போட்டு வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வைத்திக்குப்பம், எட்டு எழுத்து, வெட்டுப்பட்டது. முதலியார்பேட்டை, அதுவும் எட்டு, 'முதலியார்பேட' என்று நின்றது. "லாசுப்பேட்டை போட்டுப் பாருடி" என்றாள் என் தங்கை அடுக்களையிலிருந்து. ஆறு எழுத்து, பன்னிரண்டு துண்டு. அது மட்டும் முழுசாக உள்ளே போனது.