லிங்க் கற்ற புதுவித்தை

“முன்னர் வென்ற வீரனைத் தொடர்ச்சியில் வெறுங்கையனாக்குவது முறையோ?” என்று இளைஞர் பலர் வினவுவதுண்டு. 2017இல் வெளிவந்த ‘பிரெத் ஒவ் த வைல்ட்’ என்னும் விடியோ விளையாட்டில் வெடிகுண்டும் காந்தமும் ஆண்டவன் லிங்க். நிந்தெண்டோ நிறுவனத்தார் 2023இல் வெளியிட்ட ‘டியர்ஸ் ஒவ் த கிங்டம்’ தொடக்கத்திலேயே அவன் வலக்கரம் பழுதுறுகிறது. ஈட்டிய பலமும் போகிறது. ராவுரு என்னும் பண்டையரசனின் கரம் பொருத்தப்பெற்று, புதிய ஆற்றல்களை ஒவ்வொன்றாகப் பெறுகிறான்.

அவற்றுள் நாம் பெரிதும் விரும்புவது பொருள்களை ஒட்டிப் பிணைக்கும் ஆற்றலையே. மரத்துண்டுகளைச் சேர்த்துத் தெப்பமாக்கிப் பாய் நாட்டினால் நீரைக் கடக்கலாம். விசிறி பூட்டினால் வேகம் மிகும். ஆனால் மின்கலம் வற்றிவிடும். அதனை ஓரத்திற் பூட்டினாலோ தெப்பம் நின்ற இடத்திலேயே வட்டமிடும்! பாய்க்கு இத்தொல்லையில்லை, காற்று உதவினாற் போதும். சுருவிற் கரையில் வளர்ந்தார்க்கு இதனைச் சொல்லித்தர வேண்டுமோ?

ஆயுதங்கள் அடிக்கடி முறிவது பழைய ஆட்டத்தின் பெருங்குறை. இப்பொழுதும் முறிகின்றன, ஆயினும் கோலின் நுனியிற் பாறையொன்றைப் பொருத்தினால் அது சம்மட்டியாகிறது. ஆகவே வீரனுக்கு அநீதி இழைக்கப்பட்டதாக நாம் கருதவில்லை. பழைய வெடிகுண்டுக்காக இன்னும் வருந்துவோர், குகைகளில் வளரும் வெடிப்பூவைப் பறித்து அம்பின் நுனியிற் பொருத்திப் பார்க்கட்டும்.