கணையப் புற்றுநோயும் களப்பணியாளர் கடமையும்

இரைப்பைக்குப் பின்னே மறைந்திருக்கும் கணையத்தில் தோன்றும் புற்றுநோய், பெரும்பாலும் முற்றிய பின்னரே வெளிப்படுகிறது. அறுவைச் சிகிச்சைக்குப் பின், ஒவ்வொரு நோயாளிக்கெனவும் தனித்தனியே ஆக்கிச் செலுத்தப்பட்ட ஆர்.என்.ஏ. தடுப்பூசி, 16 பேரில் 8 பேருக்கு எதிர்ப்பாற்றலைத் தூண்டியதாக நியூயார்க் ஆராய்ச்சியாளர் 2023-இல் அறிவித்தனர். மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆயினும், அவர்கள் அறுவைச் சிகிச்சைக்கு ஏற்ற நிலையிலேயே கண்டறியப்பட்டவர்கள் என்பதை மறத்தலாகாது.

50 வயதிலோ அதன் பின்னரோ புதிதாக நீரிழிவு கண்டோரில் ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்கு, மூன்றாண்டுகளுக்குள் இந்நோய் வெளிப்பட்டதென 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. ஏனையோருக்கு இந்நோய் இல்லையாதலால், எல்லோரையும் அச்சுறுத்துதல் தகாது. ஆனால், அத்தகையோர் காரணமின்றி உடல் மெலியக் கண்டால், ‘சர்க்கரைதானே’ என்று வாளாவிராமல், தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புதல் களப்பணியாளர் கடமை. இதனை ஊரார்க்கு எடுத்துரைத்தல் ஆசிரியர் கடமை.